புதுப்பிப்பு: அப்பாவின் கால் எரிச்சலும் கைரோபிராக்டிக்கும்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் அப்பாவுக்கு இரண்டு பாதமும் எரிகிறது, மரத்துப்போகிறது, முதுகெலும்பை நெட்டியெடுக்கும் கைரோபிராக்டிக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். மெல்லிய நைலான் இழை ஒன்றை, வளைகிற அளவுக்கு மட்டும், பாதத்தில் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். கண்ணை மூடியிருந்த அப்பா, "ம்... வைங்க சார்" என்றார். இழை அப்போதே பெருவிரலில் வளைந்து நின்றது!

இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரலில் தொடங்கி மேலே ஏறினால் பெரும்பாலும் சர்க்கரை வேலைதானாம். முதுகில் நரம்பு அழுந்தினால் பொதுவாக ஒரு காலில் இடுப்பிலிருந்து இறங்கும். கைரோபிராக்டிக் சிலருக்கு முதுகுவலியைக் குறைக்கலாம். சர்க்கரை கெடுத்த நரம்பை எலும்பை அசைத்துச் சரிசெய்யலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதனால் அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒரு விஷயம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பைப் பாதிக்கும். அப்பாவுக்கும் குறைவுதான். இப்போது ஊசி போடுகிறார்கள், இரவில் நரம்பு வலிக்கான பிரிகாபலின் மருந்து. எரிச்சல் தணிந்து தூங்குகிறார், மரப்பு அப்படியே இருக்கிறது.

வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். அதுதான் வீட்டில் சண்டை. "வெள்ளி இருக்கிற இடத்துல செருப்பா?" என்கிறார். பட்டறைக்கென்றே புதுசாக ஒரு ஜோடி வாங்கிப் பார்க்கப் போகிறேன்.