ரீவியில் கோடு கோடாக வருகிறது, எழுத்து வரவில்லை. அவசர உதவி!

உவர்மலைப் பொடியன் (வெள்ளி, இரவு 9.40)
வணக்கம். மாமா 84இல் லண்டனிலிருந்து கொண்டுவந்த பழைய கொம்பியூட்டர் வீட்டில் இருக்கிறது. போன மாதம் வரை நல்லாக வேலை செய்தது. இப்போது போட்டால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வருகிறது, வேறு ஒன்றும் இல்லை. மாமா அடுத்த மாதம் 3ஆம் திகதி வருகிறார். அதற்குள் சரிசெய்ய வேண்டும். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

கிண்ணியா நானா (10.02)
தம்பி, என்ன மெஷின் என்று சொல்லவே இல்லையே. கொமடோரா, சின்கிளேயரா, பிபிசியா? 84இல் லண்டன் கடைகளில் மூன்றும் இருந்தன.

உவர்மலைப் பொடியன் (10.05)
மன்னிக்கவும் நானா. கறுப்பு, ரப்பர் கீ, மூலையில் வானவில் கோடு. சின்கிளேயர் இஸட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 48கே மெமரி என்று மாமா சொல்வார்.

ஈயக்கோல் (10.31)
ஸ்பெக்ட்ரத்தில் கோடு என்று இங்கே எத்தனை தடவை எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கம் இப்போதைய பிள்ளைகளிடம் இல்லை. திரைக்குப் படம் அனுப்புகிற யுஎல்ஏ போய்விட்டது. ஃபெரான்டி கம்பனி செய்த ஐசி, இன்று அந்தக் கம்பனியே இல்லை. துடைத்து அலுமாரிக்கு மேலே வையுங்கள், அழகாக இருக்கும்.

கடற்காற்று (10.44)
திருகோணமலையில் உவர்மலை என்றால் யோசிக்கவே தேவையில்லை, உப்பு. மூன்று பக்கமும் கடல். டொக்யார்ட் வீதியில் எங்கள் வீட்டு ரேடியோவும் மின்விசிறியும் அப்படித்தான் போயின. கழற்றி, பின்பக்க விளிம்பில் இருக்கிற செப்புப் பட்டைகளை ஐசோபுரோபைல் அல்ககோல் போட்டுத் துடை. 90 வீதம் அதுதான்.

நிலாவெளி வாத்தியார் (சனி, காலை 6.15)
தம்பி, கழற்ற முன்பு மூன்று கேள்வி. 1) கோடுகளைச் சுற்றி வருகிற ஓரச் சட்டம் என்ன நிறம்? 2) பின்பக்கத்தில் ஜோய்ஸ்டிக் பெட்டி ஏதும் செருகியிருந்ததா? மின்சாரம் இருக்கும்போது செருகிக் கழற்றினீர்களா? 3) எந்த அடப்டர்?

உவர்மலைப் பொடியன் (6.50)
ஓரம் வெள்ளை சேர். உள்ளே மட்டும்தான் கோடு. பின்னால் ஒன்றும் செருகவில்லை. அடப்டர் பிரச்சினை இல்லை, இப்போது பழையதுதான் போட்டிருக்கிறேன்.

கிண்ணியா நானா (6.58)
"இப்போது" என்றால்? இடையில் வேறு ஒன்று போட்டீர்களா?

உவர்மலைப் பொடியன் (7.20)
பழையதின் வயர் முறிந்துவிட்டது நானா. டவுனில் ஒரு கடையில் 9 வோல்ட் என்று கேட்டு ஒன்று வாங்கினேன். முனையும் சரியாகப் பொருந்தியது. போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கழற்றிவிட்டுப் பழையதின் வயரை ஒட்டிப் போட்டேன், கோடு வந்தது. இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை.

நிலாவெளி வாத்தியார் (7.41)
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

சின்கிளேயர் அடப்டரில் நடு முனை நெகட்டிவ், வெளிப்பக்கம் பொசிட்டிவ். இன்று கடையில் கிடைப்பதில் அனேகமாக எல்லாம் தலைகீழ், நடுவில் பொசிட்டிவ். கடைக்காரர் வோல்ட்டைப் பார்த்துத் தந்திருப்பார், அவரில் குறை சொல்ல முடியாது. ஸ்பெக்ட்ரத்துக்கு மறுபக்கமாக மின்சாரம் போயிருக்கிறது. நீங்கள் ஒட்டிய வயரும் இடம் மாறியிருக்கிறதா என்று மீற்றரில் பாருங்கள். படம் வருவதால் சரியாகத்தான் இருக்கும்.

ஓரம் வெள்ளை என்பது நல்ல சகுனம். மெஷின் எழும்பியதும் ரொம்மில் நிரந்தரமாக எழுதியிருக்கிற புரோகிராம் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று ஓரத்தை வெள்ளையாக்குவது. ஆகவே மூளையான இஸட்80 ஓடுகிறது, ரொம் வாசிக்கப்படுகிறது, யுஎல்ஏ படம் அனுப்புகிறது. செத்த யுஎல்ஏ எப்படி ஐயா வெள்ளை ஓரம் காட்டும்? அதற்கு அடுத்தபடி மெமரி முழுவதும் 2 என்ற எண்ணை எழுதிப் பார்க்கும். நல்ல மெஷினில் ஒரு கணம் கறுப்பில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிவது அதனால்தான். பிறகு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு 1982 சின்கிளேயர் ரிசேர்ச் என்ற வரி வரும். உங்களுடையது அந்த மெமரிச் சோதனையில் தடுக்கி விழுகிறது.

திரையில் தெரிவது 16384ஆம் முகவரியில் தொடங்குகிற கீழ் மெமரி. 16கே, எட்டு 4116 மெமரி ஐசி, போர்டில் ஐசி6 முதல் ஐசி13 வரை. அது குழம்பினால் திரையும் குழம்பும். மேல் 32கே செத்திருந்தால் கோடு வராது, மெஷின் தன்னை 16கே என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காக எழும்பும்.

4116 ஒரு பழைய காலத்துப் பிடிவாதக்காரன். +5, +12, −5 வோல்ட் மூன்றும் வேண்டும். 5ஐ 7805 என்ற ரெகுலேற்றர் கொடுக்கும். மற்ற இரண்டையும் டிஆர்4 என்ற சின்ன ட்ரான்சிஸ்டரும் ஒரு சுருளும் சேர்ந்து தயாரிக்கின்றன. தலைகீழ் மின்சாரத்தில் முதலில் போவது அனேகமாக அந்த டிஆர்4. −5 நின்று 12 மட்டும் போய்க்கொண்டிருந்தால் 4116உம் எரியும். ஆகவே இனி வீணாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

மீற்றர் இருந்தால், ஐசி6இன் 16ஆம் காலில் கறுப்பு முனை. 1ஆம் காலில் −5, 8இல் +12, 9இல் +5 வருகிறதா? அரை நிமிடத்துக்கு மேல் விடவேண்டாம்.

அன்ரனா (9.12)
எல்லோரும் ரீவியை மறந்துவிட்டீர்கள். ரீவி ஒளிபரப்பு முறை பிரிட்டனில் பால்-ஐ (PAL-I), இலங்கையில் பால்-பி/ஜி (PAL-B/G). லண்டன் மெஷின் எங்கள் ரீவியில் சரியாக வராது. முதலில் ரீவியை மாற்றுங்கள்.

கிண்ணியா நானா (9.20)
போன மாதம் வரை அதே ரீவியில் வந்தது என்று தம்பி சொல்கிறாரே.

அன்ரனா (9.26)
கொஞ்சம் கொஞ்சமாக விலகும். சத்தம் அங்கே 6 மெகாஹெர்ட்ஸில், இங்கே 5.5இல். அடிப்படை தெரியாமல் பேசக்கூடாது.

நிலாவெளி வாத்தியார் (9.50)
எண் சரி. ஆனால் அது சத்தத்துக்கான இடைவெளி. ஸ்பெக்ட்ரம் யுஎச்எஃப் 36ஆம் சனலில் அனுப்புகிறது, அங்கே படம் இருக்கும் இடம் இரண்டு முறையிலும் ஒன்றுதான். அதோடு 48கே ரீவிக்குச் சத்தமே அனுப்புவதில்லை. உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது, அதுதான் பீப் அடிக்கும்.

அன்ரனா (9.58)
சத்தம் இல்லாத கேம்ஸா? யார் வாங்கினார்கள் இதை?

ஈயக்கோல் (10.15)
அன்ரனாவோடு மினக்கெடாமல் படத்தை ரீவிச் சனலாக மாற்றுகிற அந்த மொடுலேற்றரைத் துண்டித்து, மாற்றாத கொம்போசிற் படச் சிக்னலை நேராக ரீவி வயர் செருகுகிற ஓட்டைக்கே கொடுத்துவிடுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எல்சிடியிலும் தெளிவாக வரும்.

கடற்காற்று (10.22)
மாமா கொண்டுவந்ததை வெட்டுவதா? நாற்பது வருடம் இந்த உப்பில் தாக்குப்பிடித்த சாமான்.

ஈயக்கோல் (10.25)
இரண்டு வயர். வேண்டாம் என்றால் திரும்ப ஒட்டலாம். கோணேசர் கோயில் கோபுரத்தையா இடிக்கச் சொன்னேன்?

கடற்காற்று (10.27)
கோயிலை இதற்குள் இழுக்க வேண்டாம்.

(இதன் பிறகு பதினாறு பதில்கள் மொடுலேற்றரை வெட்டுவது பாவமா இல்லையா என்பது பற்றி. ஒருவர் இடையில் கொமடோர்தான் சிறந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.)

உவர்மலைப் பொடியன் (ஞாயிறு, மாலை 5.30)
சேர், அளந்தேன். 9ஆம் காலில் 5.02. 8ஆம் காலில் 9.3. 1ஆம் காலில் பூச்சியம். கை வைத்துப் பார்த்ததில் ஐசி8உம் ஐசி11உம் சுடுகின்றன, மற்றவை சாதாரணம். அடப்டரைத் தனியாக அளந்தால் 13 காட்டுகிறது, அது கூடுதலா?

ஈயக்கோல் (5.44)
13ஆ? அப்படியானால் அடப்டர்தான் கொன்றிருக்கிறது. நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன்.

நிலாவெளி வாத்தியார் (6.20)
நீங்கள் முதலில் சொன்னது யுஎல்ஏ.

தம்பி, 13 பிழை இல்லை. அது மட்டுப்படுத்தாத அடப்டர். சுமை இல்லாமல் அளந்தால் கூடவே காட்டும், மெஷினில் செருகினால் 9க்குக் கிட்ட இறங்கும். நீங்கள் 8ஆம் காலில் பார்த்த 9.3 அதுதான்: அடப்டரின் மின்சாரம் அப்படியே வந்து நிற்கிறது, 12ஆக உயரவில்லை, −5 பிறக்கவே இல்லை. டிஆர்4 வேலை செய்யவில்லை. அதன் இலக்கம் இஸட்டிஎக்ஸ்650. சுருள் கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள், கறுத்திருந்தால் அதையும் திரும்பச் சுற்ற வேண்டும். சுடுகிற இரண்டு 4116உம் போய்விட்டன என்று வையுங்கள். ட்ரான்சிஸ்டரை மாற்றி −5 வருவதை உறுதிப்படுத்திய பிறகுதான் புது ஐசி. ஐசிக்கு சொக்கெற் போடுங்கள், நேரே ஒட்ட வேண்டாம்.

கிண்ணியா நானா (6.41)
கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ட்ரான்சிஸ்டர் கேட்டுப் பார்க்கலாம், 4116தான் சிரமம். என்னிடம் பழைய போர்ட் ஒன்றில் நாலு இருக்கிறது, கழற்றித் தருகிறேன். கிண்ணியாப் பாலம் தாண்டி வந்தால் தேத்தண்ணியும் உண்டு.

ஈயக்கோல் (6.55)
4116க்குப் பதிலாக 4164 மெமரி ஐசி போடலாமே. 5 வோல்ட் மட்டும் போதும்.

நிலாவெளி வாத்தியார் (7.10)
போடலாம், 12ஐயும் −5ஐயும் வெட்டி, கால்களை மாற்றி இணைத்தால். அப்படியே செருகினால் 12 வோல்ட் நேராக அதன் 5 வோல்ட் காலில் ஏறும். முதல் தடவை சோல்டர் பிடிக்கிறவருக்கு அது வேண்டாம்.

கடற்காற்று (7.15)
துடைத்துப் பார்த்தாயா?

கிண்ணியா நானா (12 நாள் கழித்து)
தம்பி ஐசி வாங்கிப்போய் ஒன்பது நாள். சத்தமே இல்லை. என்ன ஆச்சு?

உவர்மலைப் பொடியன் (அடுத்த மாதம் 5, இரவு 11.12)
நேரம் கிடைக்கவில்லை, மன்னிக்கவும். சுருள் நல்லது. டிஆர்4 மாற்றினேன், 1ஆம் காலில் −5.1. பிறகு ஐசி8, ஐசி11. போர்டில் ஒரு செப்புப் பட்டை உரிந்துவிட்டது, வயர் போட்டுச் சமாளித்தேன். எழுத்து வந்தது. மெமரியின் கடைசி முகவரியைப் பார்க்க, வாத்தியார் சேர் தனியாகச் சொன்னபடி பிரின்ட் பீக் 23732+256*பீக் 23733 அடித்தேன், 65535. முழு 48கேயும் இருக்கிறது. மொடுலேற்றரைத் தொடவில்லை. புது அடப்டரின் முனையை வெட்டி எறிந்துவிட்டேன். மாமா பார்த்தார். பார்த்துவிட்டு, கசெற் எல்லாம் எங்கே என்று கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

அன்ரனா (11.20)
ரீவியில் சத்தம் வருகிறதா?