புதுப்பிப்பு: காரில் முன் இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர், காரணம் கிடைத்துவிட்டது

மழை பெய்தால் முன் இடது பக்க மேட் நனைகிறது, ஏசி தண்ணீர் வெளியேறும் ட்யூப் அடைப்பா, ஹீட்டர் கசிவா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால் துளையைப் பார்க்கச் சொன்னவர் கணிப்புதான் சரி.

முதலில் ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டேன். காருக்கு அடியில் ஒழுங்காகச் சொட்டியது, உள்ளே ஈரமில்லை. மேட்டில் இருந்த தண்ணீரில் பிசுபிசுப்போ இனிப்பு வாசனையோ இல்லை, அதனால் ஹீட்டரில் ஓடும் கூலண்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லை. அப்புறம் முன் கண்ணாடி மேல் மெதுவாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, உள்ளே டார்ச்சோடு குனிந்தேன். இரண்டே நிமிடத்தில், ஏசி காற்றைத் தள்ளும் ப்ளோயர் பக்கம் ஒழுகியது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவினால், ஊறிய அப்பளம்!

வைப்பர் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். புங்கை மரத்தடியில் நிறுத்தியதன் பலன், துளை முழுக்க மக்கிய இலை. அள்ளி எடுத்து ஒயரால் குத்தியதும் தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் கொட்டியது.

எதிர்பாராதது ஒன்று: அதற்குப் பிறகும் மூன்று நாள் ஈரம். கார்பெட்டுக்கு அடியிலுள்ள தடித்த ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபேன் வைத்த பிறகுதான் காய்ந்தது. நேற்று நல்ல மழை. விரித்து வைத்த செய்தித்தாள் நனையவில்லை.