ஜெர்மனியிலிருந்து குறைந்த வரி நாட்டுக்குக் குடிபெயர்தல்: பல்கேரியாவா, சைப்ரஸா?

எல்பேக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 14 ஆண்டுகளாக ஹாம்பர்க்கில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் குடியுரிமையும் பெற்றேன். நண்பர் ஒருவருடன் சேர்ந்து தொடங்கிய மென்பொருள் நிறுவனத்தில், அதாவது ஒரு ஜிஎம்பிஎச்-இல் (பங்குதாரர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட ஜெர்மன் நிறுவன வகை), பாதிப் பங்கு என்னுடையது. வரி போக ஆண்டுக்குச் சராசரியாக 80,000 யூரோ லாபம் நிற்கிறது. என் மனைவி வேறொரு ஜெர்மன் நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே பணிபுரிகிறார். மகனுக்கு 9 வயது.

எங்கள் இருவருக்கும் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை என்பதால், வரி குறைந்த வேறொரு ஐரோப்பிய நாட்டில் குடியேறலாமா என்று யோசிக்கிறோம். பல்கேரியாவின் 10 சதவீத வரியையும் சைப்ரஸைப் பூர்விக வசிப்பிடமாகக் கொள்ளாத குடியேறிகளுக்கு அங்கே கிடைக்கும் நான்-டோம் வரிச்சலுகையையும் பற்றிப் படித்தேன். போர்ச்சுகலும் மனத்தில் இருக்கிறது. ஹாம்பர்க்கில் உள்ள சொந்த வீட்டை விற்க மனமில்லை. வந்து போகும்போது தங்குவதற்கு அப்படியே பூட்டி வைக்க நினைக்கிறோம். எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

விதோஷா அடிவாரம் எழுதியது:

நான் குடும்பத்துடன் சோபியாவில் வசிப்பதால் பல்கேரியாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2008 முதல் இங்கே தனிநபர் வருமான வரி எவ்வளவு சம்பாதித்தாலும் 10 சதவீதம்தான். நிறுவன வரியும் அதே 10 சதவீதம். சுயதொழில் வல்லுநர் ஒருவர் ரசீது எதுவும் காட்டாமலேயே வருமானத்தில் 25 சதவீதத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புக்கும் உச்சவரம்பு உண்டு: 2025-இல் மாதம் ஏறத்தாழ 2,100 யூரோ வரையிலான வருமானத்துக்கே அது கணக்கிடப்பட்டது, அதற்கு மேல் வருவதன் மீது பங்களிப்பு இல்லை. 2025 தொடக்கத்தில் ஷெங்கன் பகுதியில் முழுமையாக இணைந்து, 2026 ஜனவரி 1 முதல் யூரோவும் புழக்கத்துக்கு வந்துவிட்டதால், முன்பு இருந்த எல்லைச் சோதனையும் நாணய மாற்றுத் தொல்லையும் இப்போது இல்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனான உங்களுக்கு விசா வேண்டாம். மூன்று மாதங்களுக்கு மேல் தங்குவதாயின் பதிவுச் சான்றிதழ் வாங்கினால் போதும்.

ஆனால் உங்கள் மகனை நினைத்துத்தான் தயங்குகிறேன். 9 வயதில் சிரிலிக் எழுத்தும் பல்கேரிய மொழியும் கற்று அரசுப் பள்ளியில் வகுப்போடு சேர்ந்து நடப்பது எளிதல்ல. தனியார் பன்னாட்டுப் பள்ளிக்கு அனுப்பினால், வரியில் மிச்சப்படும் தொகையில் பெரும்பகுதி கட்டணமாகப் போய்விடும். குளிர்காலத்தில் விறகும் நிலக்கரியும் எரிக்கும் புகை சோபியாவைச் சூழ்ந்து நிற்கும். என் மகளுக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் இருமல் வருகிறது. உங்கள் மனைவி இங்கிருந்து வேலை செய்தால், ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி அவருடைய சமூகக் காப்பீடும் பல்கேரியாவுக்கு மாறும். அவருடைய ஜெர்மன் முதலாளி இங்கே பதிவு செய்து பங்களிப்பு கட்ட வேண்டும். அதற்கு அவர்கள் எழுத்தில் சம்மதிக்கிறார்களா என்பதை முதலில் கேளுங்கள்.

லிமசோல்வாசி எழுதியது:

சைப்ரஸில் நான்-டோம் தகுதி பெற்றவருக்கு ஈவுத்தொகை மீது நாட்டுப் பாதுகாப்புக்கான சிறப்புப் பங்களிப்பு வரி 17 ஆண்டுகள் வரை கிடையாது. பொது மருத்துவத் திட்டத்துக்கு 2.65 சதவீதம் செலுத்த வேண்டும். அதுவும் ஆண்டு வருமானத்தில் 1,80,000 யூரோ வரைதான். ஆகவே ஈவுத்தொகையில் வாழ்பவர்களுக்கு இதைவிடச் சாதகமான ஒன்றிய நாட்டைக் காண்பது அரிது. சம்பளமாக எடுத்தால் கதை வேறு. அங்கே வரி படிப்படியாக 35 சதவீதம் வரை போகும். நிறுவன வரியும் 2026 முதல் 12.5-இலிருந்து 15 சதவீதமாக உயர்ந்திருக்கிறது.

ஆண்டுக்கு 60 நாள் தங்கினாலே போதும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த விதிக்குச் சைப்ரஸில் ஒரு வீடும் ஒரு தொழிலோ பதவியோ வேண்டும். வேறெந்த ஒரு நாட்டிலும் 183 நாட்களுக்கு மேல் இருக்கவும் கூடாது. மனைவியும் மகனும் ஹாம்பர்க்கிலேயே இருந்தால் ஜெர்மனி உங்களை விடாது. போர்ச்சுகலை மறந்துவிடுங்கள், புதிதாகக் குடியேறியவர்களுக்கு வரிச்சலுகை தந்த, பலரும் பேசிய பழைய என்எச்ஆர் திட்டம் 2024 முதல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது.

வரிக்கணக்கன் எழுதியது:

ஜெர்மனியில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். போகும் நாட்டின் விகிதத்தைப் பற்றி எல்லோரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் விட்டுப் போகும் நாடு.

முதலாவது அந்த வீடு. சாவி உங்கள் கையில் இருந்து, நினைத்தபோது வந்து தங்கலாம் என்ற நிலையில் அது இருக்கும்வரை, நீங்கள் அப்மெல்டுங் (குடியிருப்புப் பதிவை நீக்குதல்) செய்திருந்தாலும் ஜெர்மன் சட்டப்படி உங்களுக்கு இங்கே வசிப்பிடம் உண்டு. உலக வருமானம் முழுவதும் இங்கே கணக்கில் வரும். காலவரையின்றி வாடகைக்கு விட்டுவிட்டால் அந்தச் சிக்கல் தீரும். அந்த வீட்டைப் பொறுத்தவரை வாடகைக்கு மட்டும் ஜெர்மனியில் வரி கட்டினால் போதும்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது, வெளியேற்ற வரி. கடந்த 12 ஆண்டுகளில் குறைந்தது 7 ஆண்டுகள் இங்கே முழு வரிப்பொறுப்புடன் (உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி கட்டும் நிலையில்) இருந்த ஒருவர் ஒரு நிறுவனத்தில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால், அவர் குடிபெயரும் நாளில் அந்தப் பங்கை விற்றுவிட்டதாகவே சட்டம் கருதும். ஒரு சென்ட் கூடக் கைக்கு வந்திருக்காது; வரி மட்டும் வரும். எளிய மதிப்பீட்டு முறையில் வரிக்குப் பிந்திய சராசரி லாபத்தை 13.75-ஆல் பெருக்குவார்கள். உங்கள் 80,000 யூரோவை வைத்துப் பார்த்தால் நிறுவனத்தின் மதிப்பு 11 லட்சம் யூரோ, உங்கள் பாதி 5.5 லட்சம். அதில் 60 சதவீதம், அதாவது ஏறத்தாழ 3.3 லட்சம் யூரோ, அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். ஒரு லட்சம் யூரோவுக்குக் குறையாத வரியை எதிர்பாருங்கள். ஒன்றிய நாட்டுக்குள் போனால் வட்டியின்றி ஒத்திவைக்கும் பழைய வசதி 2022 முதல் இல்லை. பிணை கொடுத்து ஏழு ஆண்டுத் தவணைகளில் கட்டலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்த ஜெர்மன் குடியுரிமை உங்களுக்கு ஐரோப்பா முழுவதும் குடியேறும் உரிமையைத் தந்ததோ, அதுவே வேறொரு விதியையும் உங்கள் மீது கொண்டுவரக்கூடும். போவதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் குறைந்தது 5 ஆண்டுகள் ஜெர்மன் குடிமகனாக இங்கே முழு வரிப்பொறுப்புடன் இருந்த ஒருவர் வரி குறைந்த நாட்டுக்குப் போய், இங்கே முக்கியமான பொருளாதாரத் தொடர்பும் வைத்திருந்தால், விரிவுபடுத்தப்பட்ட வரிப்பொறுப்பு (ஜெர்மனியிலிருந்து வரும் வருமானத்துக்கு வழக்கத்தைவிட விரிவாக வரி கட்டும் கடமை) 10 ஆண்டுகள் தொடரும்; உங்கள் ஜிஎம்பிஎச் பங்கு அத்தகைய தொடர்புதான். குடியுரிமை பெற்று மூன்று ஆண்டுகளே ஆனதால் இப்போதே புறப்பட்டால் இது உங்களுக்குப் பொருந்தாது; ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு புறப்பட்டால் பொருந்தும். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் இதன் கடுமையைக் குறைக்கின்றன என்பதால், எந்த நாட்டின் ஒப்பந்தம் எந்த அளவுக்குக் காக்கும் என்பதை முன்கூட்டியே ஆராய வேண்டும்.

எல்பேக்கரை எழுதியது:

மிக்க நன்றி. வெளியேற்ற வரி என்ற ஒன்று இருப்பதே இதுவரை எனக்குத் தெரியாது. மகன் உயர்நிலைப் பள்ளிக்கு வருவதற்குள் திரும்பிவிடுவோம் என்று வைத்துக்கொண்டால், அந்த வரி என்னவாகும்?

வரிக்கணக்கன் எழுதியது:

ஏழு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து மீண்டும் இங்கே முழு வரிப்பொறுப்பை ஏற்றால், அந்த வரி இல்லாததாகவே ஆகிவிடும்; விண்ணப்பித்தால் மேலும் ஐந்து ஆண்டுகள் வரை கால நீட்டிப்பும் பெறலாம். இடையில் பங்கை விற்கக் கூடாது. அந்த ஆண்டுகளில் எடுக்கும் ஈவுத்தொகை பங்கின் மதிப்பில் கால்பங்கைத் தாண்டவும் கூடாது. உங்கள் கணக்கில் அது மொத்தமாக 1,37,500 யூரோ. சைப்ரஸின் சலுகையே ஈவுத்தொகைக்குத்தான் என்பதால், அங்கே போவதாயின் இந்த எண்ணை உங்கள் நண்பருடன் உட்கார்ந்து ஆண்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் மனைவியின் முதலாளி தரும் பதிலையும் கையில் வைத்துக்கொண்டு, அப்மெல்டுங் செய்வதற்குக் குறைந்தது ஓர் ஆண்டுக்கு முன்பே ஓர் ஆலோசகரைச் சந்தியுங்கள்.