இதய வால்வு ஆபரேஷனோடு சேர்த்து ஏஎஃப்-க்கும் (தாறுமாறான இதயத் துடிப்பு) வைத்தியம்: உங்கள் வீட்டில் எப்படி நடந்தது?

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண்:

அம்மாவுக்கு 49 வயது. போன வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஏற்காடு போயிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயில் வரை நடப்பதற்குள் நான்கு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ள கெண்டை மீன் துள்ளுது கண்ணு" என்றார். அதற்கு முன்பே ஆறு மாதமாக ஒரு கிளினிக்கில் வாயுவுக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, சரி விடுங்கள்.

மலையிலிருந்து இறங்கியதும் சேலத்தில் ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தோம். இதயத்தின் இடப்பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்து படுத்தாராம். அந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் இதயத்தின் இடது மேல் அறை ஊதிப் பெருத்துவிட்டது. பெருத்த அறையில் மின்சாரம் தாறுமாறாக ஓடும், நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் அறை நடுங்கும், நாடி ஒழுங்கில்லாமல் அடிக்கும். இதைத்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப் என்கிறார்கள். அந்த அறையின் ஓரத்தில் சின்னப் பை ஒன்று இருக்கிறது. ரத்தம் அதில் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

வால்வு மாற்றியாக வேண்டும் என்றதும் நாங்கள் தலையாட்டிவிட்டோம். அப்புறம் சர்ஜன் இன்னொன்றும் கேட்டார்: "நெஞ்சைத் திறக்கத்தான் போறோம். மேஸ்னு ஒண்ணு இருக்கு, அதையும் சேர்த்துப் பண்ணிடலாமா? பையையும் அடைச்சிடலாம்." மேல் அறைச் சுவரில் கோடு கோடாகச் சுட்டோ உறைய வைத்தோ தழும்பு உண்டாக்குவார்களாம். தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது. அதனால் தறிகெட்டுச் சுற்றாமல் ஒரே வழியில் இறங்கும். 1987-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காக்ஸ் என்ற சர்ஜன் இதை முதலில் செய்தபோது கத்தியால் வெட்டி வெட்டித் தைத்தார்களாம்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. பட்டறையில் பொடி வைத்து ஊதிக் கொலுசு பற்றவைத்தே முப்பது வருடம் கழித்த அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். "நாம ஒட்டறதுக்குச் சுடறோம். அவங்க பிரிக்கறதுக்குச் சுடறாங்க, அவ்வளவுதானுங்களே டாக்டர்?" சர்ஜன் சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உலோக வால்வு வைத்தார்கள். மூன்றாம் நாள் ஐசியூவில் மறுபடி ஏஎஃப் வந்தது. செய்ததெல்லாம் வீண் என்று நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். முதல் மூன்று மாதத்தில் வருவதைத் தோல்வியாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். துடிப்பை ஒழுங்குபடுத்த அமியோடரோன் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் மாத ஈசிஜியில் துடிப்பு ஒழுங்காகிவிட்டது.

நாகலூர், காப்பித் தோட்டம்:

எங்கள் அப்பாவுக்கு 72 வயது. அவருக்குக் கெட்டது அயோர்ட்டிக் வால்வு, இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்குப் போகும் வாசல். இடது மேல் அறையைத் திறக்காமலேயே மாற்றிவிடக்கூடிய வால்வு அது. முழு மேஸ் செய்தால் இதய-நுரையீரல் மெஷினில் இருக்கும் நேரம் கூடும், இந்த வயதில் வேண்டாம் என்று பையை மட்டும் அடைத்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, அரைகுறை வேலையாகத் தோன்றியது. அதற்கு டாக்டர் 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். ஏஎஃப் இருந்து இதய ஆபரேஷன் செய்துகொண்ட 4,700-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார்கள். பையை அடைத்தவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும், அடைக்காதவர்களில் 7 சதவீதம் பேருக்கும் பக்கவாதமோ வேறு இடத்தில் ரத்தக்கட்டி அடைப்போ வந்ததாம். அவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிட்டவர்கள்தான். அதனால் பையை அடைத்தாயிற்றே என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அப்பாவுக்கு ஏஎஃப் இன்னும் இருக்கிறது, ஆனால் மூச்சு வாங்குவதில்லை. அவருடையது மாட்டின் இதய உறையில் செய்த வால்வு. முதல் மூன்று மாதம் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) பார்க்க இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினோம், ஒவ்வொரு தடவையும் வாந்தி. அப்புறம் ரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள், அதற்கு ஐஎன்ஆர் தேவையில்லை. மேலே பார்த்த அம்மாவுக்கு உலோக வால்வு, அவருக்கு இந்த மாத்திரை ஆகாது. தயவுசெய்து யாரும் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டாம்.

ஐசியூ நர்ஸ், சேலம்:

மேஸ் எல்லாருக்கும் பிடித்துவிடாது. என் நாத்தனாருக்குப் பதினைந்து வருட ஏஎஃப், அறையும் ரொம்பப் பெருத்துப் போயிருந்தது. ஐந்தாம் மாதமே திரும்ப வந்துவிட்டது. 2015-இல் மைட்ரல் நோயாளிகள் 260 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஆறாம் மாதமும் ஒரு வருடத்திலும் பார்த்தபோது, சேர்த்துச் செய்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு ஏஎஃப் இல்லை, வால்வு மட்டும் செய்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு இல்லை. அதே ஆய்வில் பேஸ்மேக்கர் (துடிப்பைத் தூண்டிவிடும் கருவி) வைக்க வேண்டி வந்தவர்கள், சேர்த்துச் செய்தவர்களில்தான் அதிகம். கையெழுத்துப் போடும் முன் இந்தப் பேஸ்மேக்கர் விஷயத்தைக் கேளுங்கள், பல வீட்டில் கேட்பதே இல்லை. சிவதாபுரம் அக்கா, அம்மாவுக்கு இப்போது ஐஎன்ஆர் எவ்வளவு? கீரை அதை இறக்கிவிடும், முருங்கைக்கீரையை நிறுத்தச் சொன்னார்களா?

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண்:

போன வாரம் 2.9. அவருக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். துடிப்பு ஒழுங்கானாலும் ரத்தம் உறையாமலிருக்கும் அசிட்ரோம் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, வால்வு உலோகமாயிற்றே. கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாய், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று இருக்கக் கூடாது என்றார்கள். வாரம் இரண்டு நாள், ஒரே கிண்ணம். ஒரு தடவை மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் அவராகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். மூக்கில் ரத்தம் வந்துவிட்டது, பார்த்தால் ஐஎன்ஆர் 6. அதிலிருந்து வலி மாத்திரை வீட்டுக்குள் வருவதில்லை.

இப்போது கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க வேண்டும். செயற்கை வால்வு இருப்பதால் அதற்கு முன் ஆன்டிபயாடிக் போட வேண்டுமாம். அசிட்ரோமை என்ன செய்வது என்று வியாழக்கிழமை இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.