தினமும் பையில் எது: வேவ் பிளஸா, ஹன்ட்ஸ்மேனா?

ஈரோட்டுப் பொடிநடை:
வீட்டுக்கும் மலைக்கும் சேர்த்து ஒரே கருவி வாங்கலாம் என்றிருக்கிறேன். மனதில் இரண்டு: பிளேயரோடு பல கருவிகள் மடங்கியிருக்கும் லெதர்மேன் வேவ் பிளஸ், பிளேயர் இல்லாத பல்கருவி மடக்குக் கத்தியான விக்டோரினாக்ஸ் ஹன்ட்ஸ்மேன். வேலைக்குப் பைக்கில் போகிறேன். மாதம் ஒரு தடவை கொல்லிமலை, ஏற்காடு பக்கம் நடை. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய வயர்மேன்:
தம்பி, இரண்டும் என்னிடம் இருக்கின்றன. வேவ் 241 கிராம். பேன்ட் பையில் போட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். வேட்டி கட்டும் நாளில் கேட்கவே வேண்டாம். ஒரு மாதம் பெருமையாகச் சுமந்தேன், அப்புறம் அது வண்டி சீட்டுக்கு அடியில் குடியேறிவிட்டது.

ஹன்ட்ஸ்மேன் 91 மி.மீ., நூறு கிராமுக்குள். பார்சல் பிரிக்க, கொய்யா நறுக்க, பிளக்கில் லூசான ஸ்க்ரூவை முடுக்க இதுவே தாராளம். தனி ஸ்டார் டிரைவர் இல்லையே என்று யோசிக்காதே, டின் ஓப்பனரின் நுனி அதில் உட்காரும். கார்க் திருகியை இறுகிப்போன கயிற்று முடிச்சு அவிழ்க்க மட்டுமே எடுத்திருக்கிறேன். கத்திக்கு லாக் கிடையாது, அதனால் குத்தித் துளைக்காதே, விரலில் மடங்கும். வேவில் லாக் உண்டு.

ஆனால் பிளேயரின் அருமை ஒருநாள் தெரிந்தது. கொல்லிமலையின் 70 வளைவில் பாதி இறங்கும்போது கியர் லீவர் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. வேவின் வாயால் தண்டைப் பிடித்துத் திருகி இரண்டாவது கியரில் போட்டேன். அதே கியரில் அடிவாரம்.

குளிர்காத்தான்:
ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கத்தியின் மடிப்பில் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு டிசம்பரில் ஊட்டி போனேன். காலையில் எண்ணெய் உறைந்து கத்தி திறக்கவில்லை. நகம்தான் பெயர்ந்தது. இப்போது வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சமையலறைப் பலகைக்குப் பூசும் மினரல் ஆயில் ஒரே ஒரு சொட்டு.

நாடோடி:
எது வாங்கினாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள். சாவிக்கொத்தில் மறந்து வைத்திருந்த 58 மி.மீ. குட்டிக் கத்தியைப் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

ஈரோட்டுப் பொடிநடை:
சரி, ஹன்ட்ஸ்மேன்தான். சீட்டுக்கு அடியில் அப்பாவின் பழைய கட்டிங் பிளேயரை வைத்துக்கொள்கிறேன். பிடியில் ரப்பர் கிழிந்திருக்கிறது, பரவாயில்லையா அண்ணே?

பழைய வயர்மேன்:
வண்டிக்குப் போதும். அதை எடுத்துக்கொண்டு வீட்டு ஸ்விட்ச் போர்டு பக்கம் மட்டும் போய்விடாதே. வேவும் முழுக்க இரும்புப் பிடிதான், அதையும் நான் கரண்டு வேலைக்கு எடுப்பதில்லை.