ஓவியத்தில் உள்ள ஒளியை விரலுக்கு எப்படிக் காட்டுவது? ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பார்வையற்ற மாணவர்களுக்காகத் தொட்டு உணரும் ஓவியங்கள் செய்து வருகிறேன். இப்போது எடுத்திருப்பது, ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1630இல் தீட்டிய ‘வல்கனின் உலைக்களம்’. வல்கன் ரோமானியரின் கொல்லர் கடவுள். கொல்லுப்பட்டறைக்குள் சூரியக் கடவுள் அப்பல்லோ வந்து நிற்கிறான். அவன் தலையைச் சுற்றிக் கதிர்கள் வீசுகின்றன. வேலையை நிறுத்திவிட்டுக் கொல்லர்கள் திகைத்துப் பார்க்கிறார்கள். உருவங்களைப் புடைப்பாகச் செய்துவிடலாம். அந்தக் கதிரொளியை என்ன செய்வது? அது இல்லாமல் கொல்லர்களின் திகைப்புக்குப் பொருளே இல்லை.

மத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் இதே ஓவியத்தைத் தொட்டுப் பார்க்கும் வடிவில் காட்சிக்கு வைத்தது. அதைத் தொட்டுப் பார்த்தவர் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

லித்தோஃபேன் முறையையும் யோசிக்கிறேன். மெல்லிய தகட்டின் பின்னால் விளக்கை வைத்தால் தடித்த இடம் இருட்டாகவும் மெலிந்த இடம் வெளிச்சமாகவும் தெரியும். பார்ப்பவருக்கும் தொடுபவருக்கும் ஒரே படம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒளிரும் முகம் பள்ளமாகிவிடும். விரல் அதை முகமாக ஏற்குமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. படத்தில் உலைத்தீயும் இருக்கிறது. அதையும் கதிரொளியையும் விரல் பிரித்தறிய வேண்டும். வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் உலோகம் விரலுக்குக் குளிர்கிறது. மரமும் தக்கையும் அப்படிக் குளிர்வதில்லை. எனவே தீக்குத் தக்கை, கதிருக்கு மெருகிட்ட பித்தளை என்று நினைத்திருக்கிறேன்.

பிறவியிலேயே பார்வையற்றவர்களின் கருத்துதான் எனக்கு முதன்மையானது. குளிர்ந்த வழவழப்பை ஒளி என்றால் உங்களுக்குப் பொருந்துகிறதா? மெல்லிய பித்தளைத் தகட்டில் வேலை செய்பவர்களும், விரலைக் கீறாதபடி விளிம்பை மழுக்கும் முறையைச் சொல்லுங்கள்.