கூர் முதல் திரானோ வரை: பெர்னினா எக்ஸ்பிரஸா, சாதாரண ரயிலா?

கேள்வி: ஜூனில் சுவிட்சர்லாந்தின் கூரிலிருந்து இத்தாலியின் திரானோ போய், அப்படியே மிலான் போகலாம் என்றிருக்கிறோம். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலா, சாதாரண ரயிலா, எது நல்லது? எந்தப் பக்கம் உட்காரலாம்?

பதில்: சாதாரண ரயிலே எடுங்க. அதே தண்டவாளம்தான், முன்பதிவுக் கட்டணம் கிடையாது, சில பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து கண்ணாடி மறைக்காமல் படம் எடுக்கலாம், செயின்ட் மோரிட்ஸில் மாற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பதில்: எனக்கு எக்ஸ்பிரஸ்தான் பிடிக்கும், ஜன்னல் கூரைவரை வளைந்திருக்கும். ஆனால் முன்பதிவு கட்டாயம். எதில் போனாலும் வலப்பக்கம் பிடிங்க, லாண்ட்வாசர் பாலத்தில் முன்பெட்டிகள் வளைந்து நேரே பாறைச் சுரங்கத்துக்குள் நுழைவதைப் பார்க்கலாம்.

பதில்: பாதியில் தூங்கிடாதீங்க! 2253 மீட்டரிலிருந்து 429 மீட்டர் உயரத்துக்குப் சரிவில் பிடிமானம் தரும் பல்சக்கரமே இல்லாமல் இறங்குகிறது, புருசியோ வட்டப் பாலம் கடைசியில்தான் வரும். அப்புறம், திரானோவில் மிலான் ரயில், நீங்க இறங்கும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இத்தாலிய ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும்.